மூணு பழசு, ரெண்டு புதுசு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஏப்ரல் முதல் வாரத்தோடு சீசன் முடிந்துவிடும். கோப்பை கையில் இருக்கும்போதே கோச்சுக்கு அடுத்த தலைவலி ஆரம்பம். வரும் வருஷம் களமிறங்கும் முதல் ஐந்து பேர் யார்?

'இருப்பதிலேயே கெட்டிக்காரர்களாக அஞ்சு பேரைப் பிடித்துப் போட வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை?' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்!

கென்டக்கியைப் பாருங்கள். 2012-ல் சாம்பியன். முதல் ஐவரில் மூன்று பேர் முதலாண்டு, இரண்டு பேர் இரண்டாம் ஆண்டு. ஐவருமே அந்த வருஷமே என்.பி.ஏ.வுக்குப் பறந்துவிட்டார்கள். பதிலுக்கு வந்த புதுப் பையன்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் 2013-ல் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. அடுத்த படியில் இருக்கும் என்.ஐ.டி. போட்டியில் முதல் ஆட்டத்திலேயே ராபர்ட் மோரிஸ் என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் 59-57 என்று தோல்வி. நெர்லன்ஸ் நோயலின் முழங்கால் காயமும் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் இல்லை.

இதற்கு நேர் எதிர் ஃபுளோரிடா. 2006-ல் ஜெயித்த ஜோக்கிம் நோவா, ஆல் ஹார்ஃபோர்ட் உள்ளிட்ட ஐவரும் என்.பி.ஏ. பணத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். 2007-ல் அதே ஐவர், மறுபடியும் கோப்பை!

'அதெல்லாம் அந்தக் காலம்' என்பீர்கள். நியாயம்தான். 2021 முதல் ஒரு வருஷம் உட்காராமலேயே கல்லூரி மாறலாம், தன் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். கிட்டத்தட்ட சந்தைதான். பையன்களுக்குக் காசு கிடைப்பதில் தப்பே இல்லை, அவர்கள் உழைப்பு அது. ஆனால் சந்தையில் திறமையை வாங்கலாம், பழக்கத்தை வாங்க முடியாது. பந்தைத் தூக்கிப் போடும் முன்பே அடுத்தவன் எங்கே ஓடுவான் என்று தெரிவது, கூடவே ஆடினால்தான் வரும்.

அதனால் கணக்கு எளிது: மூன்று பழையவர்கள், இரண்டு புதியவர்கள். 2025-ல் இறுதி ஆட்டத்தில் 12 புள்ளி பின்தங்கியும் ஹூஸ்டனை 65-63 என்று வென்றதும் ஃபுளோரிடாதான். அதன் முதல் ஐவரில் கிளேட்டன், ரிச்சர்ட், காண்டன் மூவரும் முந்தைய வருஷமே அங்கே ஆடியவர்கள். மார்ட்டினும் சின்யேலுவும்தான் புது வரவு.

அடுத்த சீசனுக்கு கிளேட்டன், ரிச்சர்ட், மார்ட்டின் படிப்பை முடித்துப் போனார்கள். கோச் டாட் கோல்டன் வெளியிலிருந்து கொண்டுவந்தது இரண்டு கார்டுகளை: ஃப்ளாண்ட், லீ. மூன்றாவது இடம் தாமஸ் ஹாவுக்கு. இரண்டு வருஷம் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடியவர்.

அந்த இடத்தையும் வெளியாளுக்குக் கொடுத்திருந்தால், பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள் எதற்காகக் காத்திருப்பார்கள்? சொல்லுங்கள்.