காலை ஒன்பது மணிக்குப் போற கரண்ட்

மல்லாங்கிணறு, காரியாபட்டி பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு இந்த அறிவிப்பு பழகிப்போன ஒண்ணு. மாதாந்திரப் பராமரிப்புப் பணி, நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை. நாம போனை முழுசா சார்ஜ் போட்டுட்டு, வேப்பமரத்தடியில கட்டிலைப் போட்டுச் சமாளிச்சிடுவோம். அதே எட்டு மணி நேரத்தை ஒரு முதியோர் இல்லத்துல வச்சு யோசிச்சுப் பாருங்க. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை நம்பி மூச்சு விடுற தாத்தா. படுக்கைப் புண் வராம இருக்க ஏர் பெட்ல படுத்திருக்கிற பாட்டி. ஃபிரிட்ஜ்ல இன்சுலின். வெளியே மே மாச விருதுநகர் வெயில்.

"அதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்பீங்க. கணக்கு போடுவோம். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி ஒண்ணுல 1800 வாட்-அவர். முழுசா வடியவிடக் கூடாது, இன்வெர்ட்டர்லயும் இழப்பு உண்டு. கைக்கு வர்றது சுமார் 1200. 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். அதோட 75 வாட் ஃபேன் நாலு சேர்த்தா 650. ஆக, 11 மணிக்கு முன்னாடியே பேட்டரி படுத்துடும். பழைய பேட்டரின்னா இன்னும் சீக்கிரம்.

சரி, ஜெனரேட்டர்? 2019 மே 7 அன்னிக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில மழைக்காத்துல கரண்ட் போச்சு, ஜெனரேட்டரும் கைகொடுக்கல. அன்னிக்கு இறந்த ஐந்து நோயாளிகளோட உறவினர்கள் மின்தடைதான் காரணம்னாங்க. நோயின் தீவிரம்தான் காரணம்னு நிர்வாகம் மறுத்துச்சு. யார் சொன்னது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. பெரிய அரசு மருத்துவமனைக்கே இந்த நிலைமைன்னா, மூலையில தூசி படிஞ்சு நிக்கிற சின்ன இல்லத்து ஜெனரேட்டரை எப்படி நம்புறது?

ஓடுற ஜெனரேட்டரா இருந்தாலும், அது எதுக்குக் கரண்ட் கொடுக்குதுன்னு பார்க்கணும். 2017 செப்டம்பர்ல இர்மா புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்குச்சு. ஹாலிவுட் ஹில்ஸ் முதியோர் பராமரிப்பு இல்லத்துல விளக்கெல்லாம் எரிஞ்சது, ஏ.சி.க்குப் போற இணைப்பு மட்டும் செத்துப்போச்சு. ஏ.சி.யை ஓட்ட மாற்று ஏற்பாடு இல்ல. வெக்கையில 12 பேர் இறந்தாங்க. இத்தனைக்கும் பக்கத்துலயே ஏ.சி. ஓடுற மருத்துவமனை இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் இப்படிப்பட்ட இல்லங்கள் 96 மணி நேரம் குளுமையைக் காப்பாத்துற அளவுக்கு ஜெனரேட்டரும் எரிபொருளும் வச்சிருக்கணும்னு 2018-ல அந்த மாநிலம் சட்டம் போட்டுச்சு.

நம்ம ஊர்ல சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அறிவிச்சுட்டு வர்ற இந்த மின்தடை நாளையே பரீட்சை நாளா வச்சுக்கலாம்கிறதுதான் என் கருத்து. அன்னிக்கு ஒவ்வொரு இல்லமும் மூணு கேள்விக்குப் பதில் எழுதி வைக்கட்டும். எந்தெந்தக் கருவி நிக்கவே கூடாது? அதெல்லாம் சேர்ந்து ஓடினா எவ்வளவு நேரம் தாங்கும்? ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போனா யார் சேஞ்ச்ஓவரைத் திருப்புவாங்க? ஜெனரேட்டரைச் சும்மா பத்து நிமிஷம் உறும விட்டா அது சோதனை ஆகாது. லோடு கொடுத்து ஓட்டணும். புகை உள்ளே வராத இடத்துல நிக்குதான்னும் பார்க்கணும்.

எல்லாத்துக்கும் பெரிய செலவு வேண்டியதில்ல. 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாத்தினாலே பேட்டரி கூடுதலா உழைக்கும். 1.5 கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு, நிமிஷத்துக்கு 2 லிட்டர் கணக்குல 12 மணி நேரம் வரும். அதுக்குக் கரண்டே வேண்டாம்.

நாம லேப்ல இல்லாத மோட்டாருக்கெல்லாம் லோடு கணக்கு போட்டு மார்க் வாங்குறோம். அடுத்த மின்தடை அறிவிப்பு வந்ததும், துறை ஆசிரியர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு, அனுமதி வாங்கி, உங்க ஊர் இல்லத்துக்கு ஒரு கிளாம்ப் மீட்டரும் நோட்டுமா போங்க. வயரிங்ல கை வைக்க வேண்டாம். அளந்து எழுதிக் கொடுங்க. எத்தனை மணி வரைக்கும் தாங்கும்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சாலே பாதிக் கவலை குறையும்.