ஆன்மா ஒண்ணும் சாஃப்ட்வேர் இல்லீங்க

"உடம்பு ஹார்டுவேர், ஆன்மா சாஃப்ட்வேர்". ஆன்மிகச் சொற்பொழிவுகளில் அடிக்கடி காதில் விழுகிற உவமை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கோட் எழுதிப் பிழைக்கிறவனா சொல்றேன், இது ஒத்துவராது. ஒரே சாஃப்ட்வேரை ஆயிரம் கம்ப்யூட்டர்ல ஏத்தலாம். தப்பு நடந்தா அதைக் கூண்டுல நிறுத்த முடியாது. ஆன்மா அப்படியா?

13-ம் நூற்றாண்டிலேயே இதை ஒட்டி ஒரு பெரிய சண்டை நடந்திருக்கு. இப்னு ருஷ்து (1126–1198) அரிஸ்டாட்டிலுக்கு எழுதின உரையைப் பிடிச்சுக்கிட்டு, மனுஷங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறிவுதான்னு பாரிஸ் பல்கலைக்கழகத்துல சிலர் சொன்னாங்க. அதை மறுக்க தாமஸ் அக்குவினாஸ் 1270-ல் லத்தீனில் தனி நூலே எழுதினார். யோசிக்கிறது இதோ இந்த மனுஷன்தான், வேற யாரும் இல்லை என்பதுதான் அவர் வாதத்தின் உயிர்நாடி. அறிவு பொதுச்சொத்துன்னா பாவ புண்ணியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது யாரு?

அதே நூற்றாண்டில் நம்ம பக்கம் வாங்க. ரிஷிவந்தியத்திலிருந்து திருக்கோவிலூர் தாண்டிப் போனா திருவெண்ணெய்நல்லூர். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர். மொத்தமே 12 சூத்திரம். மூணாவதுல ஆன்மா உண்டுன்னு நிரூபிக்க வரிசையா காரணம் அடுக்குகிறார். 'இல்லை'ன்னு சொல்றதுக்கே ஒருத்தன் வேணும். 'என் உடம்பு'ன்னு சொல்றோமே, அந்த 'என்' யாரு? ஐம்புலனும் அடங்கின கனவுல பார்க்கிறது யாரு? உடம்பை அவர் இயந்திரம்னே சொல்கிறார். ஆனா உள்ளே இருக்கிறது இன்னொரு இயந்திரம் இல்லை, அறிகிற ஒருத்தன். அதுவும் தானா அறியமாட்டான், உணர்த்தினா உணர்வான்.

உடனே "எல்லாரும் ஒண்ணைத்தான் சொன்னாங்க"ன்னு முடிச்சிடாதீங்க. அக்குவினாஸுக்கு ஆன்மா கடவுள் படைச்சது. மெய்கண்டாருக்கு யாரும் படைக்காத அநாதி. இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனா ஒரு விஷயத்தில் ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கலை: ஒவ்வொருத்தனும் தனித்தனி, அவனவன் செயல் அவனவனைச் சேரும்.

இன்னைக்கு இதுதான் நமக்கு வேணும். கடன் கேட்டுப் போனா "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு சார்" என்கிறாங்க. சிஸ்டத்துக்கு 'நான்' கிடையாது. அதை எழுதினவனுக்கு உண்டு, அதை நம்பி முடிவெடுத்தவனுக்கும் உண்டு. ஆன்மாவை சாஃப்ட்வேர்னு சொல்லிப் பழகினா, பதில் சொல்ல வேண்டிய அந்த 'நான்' சத்தமில்லாம நழுவிடும்.