சோளகமும் அணைநீரும்

காற்றை நம்பி விளக்கேற்றலாமோ என்று வினவுவார் நம்மிடையே பலர். அவர் வினாவை எள்ளி ஒதுக்குதல் நன்றன்று. காற்று யார் ஏவலுக்கும் அடங்காது. வேண்டும்போது ஓயும், வேண்டாதபோது வீசும். மின்சாரமோ ஆக்கப்படும் கணத்திலேயே செலவாதல் வேண்டும். ஆக்கமும் செலவும் ஒத்து நிற்குமளவுமே மின்னோட்டத்தின் அதிர்வெண் செக்கனுக்கு 50 என நிலைக்கும். அவ்வொப்பு முறிந்தால் விளைவது யாதென்பதை, நாடு முழுதும் இருண்ட 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நமக்குக் காட்டிற்று.

ஆயினும், காற்றின் குறைக்கு மருந்து நம் மலைநாட்டிலேயே உண்டு என்பது என் துணிபு. அம்மருந்து அணைகளிலே தேங்கிய நீர். நுரைச்சோலை அனல் மின்னிலையம் ஒருகால் ஆறிவிடின், மீண்டும் முழுவலுப் பெறப் பல மணி நேரம் செல்லும். விக்டோரியா அணையின் சுழலிகள் மூன்றோ, ஒவ்வொன்றும் 70 மெகாவாற் வலுவின. நீர் பாய்ந்த சில நிமிடங்களில் முழுவலுவும் தரவல்லன. குறைக்க வேண்டின் அவ்வாறே விரைந்து குறைவன. மன்னாரிலே 2020 இல் 30 காற்றாலைகளோடு தொடங்கிய 103.5 மெகாவாற் நிலையத்தில் காற்று மிகும்போது அணைநீரை அடக்கி, காற்று ஓயும்போது அதனை விடுதல் தகும். அங்ஙனம் செய்யின், காற்றை நீராக்கிச் சேமித்தவராவோம்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மன்னாரில் மணலை வாரியிறைக்கும் சோளகமே மலையின் மேலைச் சரிவில் மழையாய்ப் பொழிகின்றது. ஆதலின் காற்று மிக்க மாதங்களிலேயே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை முதலிய நீர்த்தேக்கங்களும் நிறைதல் கூடும். நிறைந்து வழியும் அணையிற் சேமிப்பு ஏது? எவ்வணையில் எவ்வளவு இடம் விடுவதென்பதைச் சோளகம் எழுமுன்னரே கணித்தல் வேண்டும்.

இனி, உழவர் அச்சமும் பொருளுடையதே. மகாவலி நீர் மின்சாரத்துக்கு மட்டும் உரியதன்று. சுழலியைக் கடந்த நீரே மினிப்பே வழியாக வயலுக்குச் செல்கின்றது. காற்று மிகுங் காலமும் சிறுபோகப் பயிர் நீர் வேண்டுங் காலமும் ஒன்றே. ஆயின், விக்டோரியாவில் நீரைச் சில மணி நேரம் அடக்குதலால் உழவர்க்கு ஊறில்லை. கீழேயுள்ள ரந்தெனிகல நீர்த்தேக்கம் அவ்வேற்றத் தாழ்வை ஏந்திக்கொள்ளும். வாரக்கணக்காக அடக்குதலே ஊறு. இவ்விரண்டின் வேற்றுமையை எழுத்தில் வரையறுத்து, உழவர்க்கு உறுதி கூறல் அரசின் கடன்.

மன்னாரிற் புதிய காற்றாலைகளை நிறுவுதற்கு ஆங்குள்ள மக்களும் மீனவரும் தடை கூறுகின்றனர். அவர்தம் குறையைச் செவிமடுத்தல் முறை. நிறுவிய காற்றாலைகள் தரும் வலுவை வீணாக்காது கொள்ளும் வகையை முதலிற் செய்து காட்டாது, மேன்மேலும் நடுதற்கு விரைதல் அறிவுடைமையாகாது. நீரைப் பங்கிடும் கூட்டங்களிலே காற்றின் கணிப்பும் உழவர் குரலும் ஒருங்கே இடம்பெறுக. குளந்தொட்டு வளம் பெருக்கிய நாட்டுக்கு இஃது அரிய செயலன்று.