நாங்கள்லாம் சோறு தின்னு வளரலியா?

போன மாசம் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டுக்குள்ள நுழைஞ்சா, மருமகனைப் பின்வாசல் படியில உக்கார வச்சு, அவன் பின்கழுத்துல கடலைமாவையும் எலுமிச்சம்பழத் தோலையும் போட்டு தேய் தேய்னு தேய்ச்சுக்கிட்டு இருக்கா. பயலுக்குப் பன்னிரண்டு வயசு. கண்ணெல்லாம் தண்ணி. "குளிக்கச் சொன்னா தலையில தண்ணிய ஊத்திட்டு ஓடியாறான். கழுத்தைப் பாரு, எவ்வளவு அழுக்குன்னு. ஸ்கூல்ல பிள்ளைங்க கேலி பண்ணுதாம்"னு என்கிட்ட புகார் வேற.

எனக்கு திக்குன்னு ஆயிட்டு. ஏன்னா அது அழுக்கே இல்ல. வெல்வெட் துணி மாதிரி தடிச்சு, கருத்து, மடிப்பு மடிப்பா இருக்குற அந்தத் தோலுக்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு பேரு. என் டீம்ல ஒருத்தனுக்கு இருக்கு, அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். உடம்பு இன்சுலின் சொல்றதைக் கேக்காம அடம் பிடிக்கும்போது கணையம் இன்னும் இன்னும் இன்சுலினை ஊத்தும். அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்லையும் வளரச் சொல்லித் தூண்டி விட்டுரும். கழுத்து, அக்குள்னு மடிப்பு இருக்குற இடத்துல கறுப்பா தெரியும். நம்ம பாஷையில சொல்லணும்னா, உள்ள ஓடுற புரோகிராம் தப்பா ஓடுதுன்னு வெளிய வர்ற எர்ரர் மெசேஜ். நாம என்ன பண்றோம்? மானிட்டரைத் துடைச்சுக்கிட்டு இருக்கோம்.

மறுநாளே நாகர்கோவில்ல ரத்தம் குடுத்தோம். எச்பிஏ1சி 6.0. இது 5.7-க்குக் கீழ இருக்கணும். 6.5 வந்தா சர்க்கரை நோய். பய நடுவுல நிக்கான். ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பும் அவன் வயசுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம். அக்கா அழுதா. அத்தானுக்கு ஏற்கனவே சுகர் உண்டு, அவரு ஒண்ணும் பேசல. பேசுனது பாட்டாதான்.

"சின்னப் பிள்ளைக்கு எங்கல சுகர் வரும்? டாக்டரு காசு பிடுங்கதுக்குச் சொல்லுவான். நாங்கள்லாம் சோறு தின்னு வளரலியா?"

இந்த ஒரு வரியை எங்க ஊர்ல நூறு வீட்டுல கேட்டிருக்கேன். இந்த வரி மேல எனக்கு இருக்குற கோவத்துலதான் இதை எழுதுறேன். பெரியவங்க யாரும் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பிராதீங்க :-)

முதல்ல பீட்சா மேட்டரை முடிச்சிருவோம். பிள்ளைங்க உடம்பு கெட்டதுக்குக் காரணம் பீட்சா, பர்கர், கேஎஃப்சின்னு சொல்றது ரொம்ப சௌகரியம். பழி வெள்ளைக்காரன் தலையில போயிரும், நம்ம அடுக்களை சுத்தம். என் மருமகன் பொறந்ததுல இருந்து பீட்சா தின்னது ரெண்டே தடவை. அப்ப அவன் என்னதான் திங்கான்? ஒரு நாள் முழுக்க உக்காந்து கணக்கெடுத்தேன்.

காலையில பால்ல ரெண்டு ஸ்பூன் சத்து மாவு, அதுக்கு மேல ஒரு ஸ்பூன் சீனி. நாலு தோசை, தொட்டுக்க மறுபடியும் சீனி. மதியம் டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம், உருளைக்கிழங்கு பொரியல். நாலரைக்கு பேக்கரியில ஒரு பழபஜ்ஜி, ஒரு கிரீம் பன், பத்து ரூவா கலர். அஞ்சு மணியில இருந்து எட்டு மணி வரை டியூஷன். ஒம்பது மணிக்கு புரோட்டா, இல்லேன்னா மிச்சம் இருக்குற சோறு. இதுல எங்கய்யா இருக்கான் வெள்ளைக்காரன்? அரிசி, மைதா, சீனி, மறுபடி அரிசி. பயறு கிடையாது, கீரை கிடையாது. மீன் ஞாயித்துக்கிழமை மட்டும், அதுவும் முள்ளுக்குப் பயந்து குழம்பை மட்டும் ஊத்திப்பான். எல்லாம் நம்ம வீட்டுச் சாப்பாடு, நம்ம ஊர் பேக்கரி.

அந்தப் பத்து ரூவா பாட்டில்ல 200 மில்லி. கோலான்னா சுமார் 20 கிராம் சீனி. சேத்துக்குற சீனி மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொல்லிட்டு. அந்த 5 சதவீதம்னா வளந்த ஆளுக்கே நாளைக்கு 25 கிராம் பக்கம்தான். பய காலைத் தோசையிலயே பாதிக் கணக்கை முடிச்சிருதான். சத்து மாவு கதை தெரியும்லா? போர்ன்விட்டா மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்' தலைப்புல வச்சு விக்காதேன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிச்சு. அதே மாசம் ஹார்லிக்ஸ் கம்பெனியும் 'ஹெல்த்' வார்த்தையை எடுத்துட்டு வேற பேரு வச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷமா பிள்ளை உசரமா வளரும்னு நம்பிக் கலக்கிக் குடுத்த அம்மைமார்கிட்ட யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லல.

நிற்க. "எம் பிள்ளை ஒல்லிதான், எங்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது"ன்னு வாசிக்கிறவங்க யாராவது நினைச்சா, அடுத்தது உங்களுக்குத்தான்.

2016-18-ல நாடு முழுக்கப் பிள்ளைங்களோட ரத்தத்தை எடுத்து ஒரு பெரிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நடந்துச்சு. மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெஃபும் சேந்து பண்ணினது. 5 முதல் 9 வயசுப் பிள்ளைங்கள்ல எடை கூடினது 4 சதவீதம்தான். ஆனா ட்ரைகிளிசரைடு அதிகமா இருந்தது 34 சதவீதத்துக்கு! மூணுல ஒரு பிள்ளைக்கு. சர்க்கரைக்கு முந்தின நிலையில பத்துக்கு ஒண்ணு. இத்தனைக்கும் அதே வயசுல 23 சதவீதம் பிள்ளைங்க மெலிஞ்சு கிடந்துச்சு. கூட்டிக் கழிச்சுப் பாருங்க. ரத்தத்துல கொழுப்பு ஓடுற பிள்ளைங்கள்ல பெரும்பாலானது பாத்தா குண்டு கிடையாது. எண்ணெய் தின்னுதான் இந்தக் கொழுப்பு வரணும்னு இல்ல. செலவாகாத மாவையும் சீனியையும் ஈரலே கொழுப்பா மாத்தி ரத்தத்துல விட்டுரும்.

இதுல ஒரு பிரபலமான போட்டோ உண்டு. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. 2004-ல லான்செட் பத்திரிகையில வந்தது. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணுதான், 22.3. உடம்புல கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. நம்ம பிள்ளைங்க தாய் வயித்துல இருந்து வரும்போதே சதை கம்மி, கொழுப்பு கூடன்னு யாஜ்னிக்கோட புனே ஆராய்ச்சியே காட்டிருக்கு. இப்படிப்பட்ட உடம்பு வச்சுக்கிட்டு மூணு வேளையும் மாவுச்சத்தை அடைச்சா தாங்குமா? தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு சுகர்னு ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல சொல்லிச்சு. அந்தப் பெரியவங்க எல்லாம் வானத்துல இருந்து குதிக்கல. பன்னிரண்டு வயசுல ஒருத்தரும் அவங்க கழுத்தைப் பாக்கல, அவ்வளவுதான்.

இப்ப பாட்டாகிட்ட வருவோம். ஆமா பாட்டா, நீங்க சோறு தின்னுதான் வளந்தீங்க. ஆனா என்ன சோறு, எதுக்கப்புறம் தின்ன சோறு? நீங்களே என்கிட்ட சொன்னதுதான். விடியக்காலம் பழையதும் காணத்துவையலும், இல்லேன்னா சுட்ட கருவாடு. அது முடிஞ்சு வயல்ல இறங்குனா உச்சி வெயில் வரை உழவு. மத்தியானம் சோறும் சாளைப் புளிமுளமும். சாயங்காலம் மரச்சீனிக்கிழங்கு அவிச்சு மீன்கறி. உரல்ல குத்தின அரிசி, தவிடு முழுசா போயிருக்காது. நீங்க தின்ன மாவுச்சத்தை உங்க காலும் கையும் அன்னைக்கே எரிச்சுட்டு. இப்ப அந்த வயலுக்குள்ள கல்லு நட்டு பிளாட் போட்டாச்சு, வீட்டு வாசல்ல வேன் வந்து நிக்குது, அரிசி பளபளன்னு வெள்ளையா பாலிஷ் பண்ணி வருது. உழைப்பு போயிட்டு, பயறு போயிட்டு, மீன் குறைஞ்சு போயிட்டு. சோறு மட்டும் அப்படியே இருக்கு. உங்க சாப்பாட்டுல பாதியை எடுத்துட்டு மிச்சப் பாதியை அவனுக்குக் குடுத்துட்டு, நாங்க வளரலியான்னு கேட்டா எப்படி?

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு கிளம்புற கோஷ்டியிலயும் நான் சேர மாட்டேன். வெறும் மரச்சீனியைத் தின்னே நாள் ஓட்டின வீடுகள் கதையும் பாட்டாதான் சொல்லிருக்காரு. இன்னொரு கோஷ்டி இருக்கு, சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டா சுகர் வராதுன்னு. ஐயா சாமி, கருப்பட்டியிலயும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். நம்ம பனையேறிகிட்ட வாங்குங்க, அவங்க பிழைப்புக்கு நல்லது. மருந்துன்னு நினைச்சு டம்ளர் டம்ளரா காப்பி போட்டுக் குடுக்காதீங்க. மில்லட் பிஸ்கட்டும் இதே கதைதான், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, நம்மகிட்ட சரக்கு இல்லாம இல்ல. குளச்சல்லயும் முட்டத்துலயும் கரையேறுற சாளையும் நெத்தோலியும் போல பிள்ளைங்களுக்கு நல்ல சாப்பாடு கிடையாது. மேற்குக் கரை நெடுக சாளையை மீன்மாவு ஆலைக்கு ஏத்தி, கோழித் தீவனமாக்கி, அந்தக் கோழியை மைதால முக்கிப் பொரிச்சு பிள்ளைக்கு வாங்கிக் குடுக்கோம்.

அப்புறம் பள்ளிக்கூடம். எங்க தெருவுல வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட மகன் அரசுப் பள்ளியில படிக்கான். அவனுக்கு மதியம் சத்துணவுல வாரத்துக்கு அஞ்சு நாளும் முட்டை உண்டு, 2010-ல இருந்து. சில நாள் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு. காமராஜர் 1956-ல ஆரம்பிச்ச மதிய உணவு, எம்ஜிஆர் 1982-ல பெருசாக்கினது. 2022-ல இருந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடும் வந்தாச்சு. அதுல ரவையும் சேமியாவும் கொஞ்சம் தூக்கல்தான், காய்கறி சாம்பார் இருக்குறது ஆறுதல். என் மருமகன் வருஷத்துக்கு ஒரு லட்சம் கட்டிப் படிக்கான். அவனுக்கு லெமன் சாதம். கேண்டீன்ல பஃப்ஸும் ஜூஸ் பாட்டிலும். நாகர்கோவில் தொகுதி எம்பியா இருந்த காமராஜர் ஆரம்பிச்சு வச்ச சாப்பாடு, ஃபீஸ் கட்டுற பிள்ளை தட்டைவிட நல்லா இருக்கு. 2011 கணக்குப்படி 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டுலயே முதல் மாவட்டம்னு நெஞ்சை நிமித்துறோம். ஒரு பாக்கெட்டுக்குப் பின்னாடி இருக்குறதை வாசிக்க மாட்டோம்!

கொழுப்பு, உப்பு, சீனி அதிகமான பண்டத்தைப் பள்ளி கேண்டீன்லயும், பள்ளி வாசல்ல இருந்து 50 மீட்டர் சுத்துலயும் விக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லயே விதி போட்டாச்சு. நான் அடி வச்சே அளந்தேன். மருமகன் பள்ளி வாசலுக்கும் அந்த பேக்கரிக்கும் 22 அடி எட்டு. சிபிஎஸ்இ 2025 மே மாசம் பள்ளியில 'சுகர் போர்டு' வைக்கச் சொல்லிச்சு, எந்தக் குடிபானத்துல எவ்வளவு சீனின்னு. நல்ல விஷயம். ஆனா போர்டுக்கு நேர் எதுக்க கேண்டீன் ஃபிரிட்ஜ் இருந்தா பிள்ளை எதைப் பாக்கும்?

பேக்கரிக்காரரை மட்டும் திட்டுறதுலயும் நியாயம் இல்ல. காலையில எட்டு மணிக்கு வேன் ஏறுற பிள்ளைக்கு நாலரை மணிக்குப் பசிக்கும். வீட்டுக்குப் போனா டியூஷனுக்கு நேரமாயிரும். அந்த அரைமணி நேரம்தான் பேக்கரிக்காரருக்கு மூலதனம். அதை அவருக்கு எழுதிக் குடுத்தது நாம. முன்னெல்லாம் நாலரைக்கு மேல பிள்ளைங்க கிடந்தது கிரவுண்டுல. 5 முதல் 17 வயசு வரைக்கும் தினசரி சராசரி ஒரு மணி நேரமாவது வேர்க்க விறுவிறுக்க ஓடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வாரத்துக்கு ரெண்டு பிடி பீரியடு, அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிருதாரு. நானும் இப்படித்தான் இஞ்சினியர் ஆனேன், அதனால இந்தக் கணக்குல எனக்கும் பங்கு உண்டு.

அவனோட டியூஷன் சாரைப் போய்ப் பாத்தேன். ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாமா சார், பிள்ளைங்க ஒரு மணி நேரம் விளையாடிட்டு வரட்டும்னு கேட்டேன். அவர் சொன்னாரு, "தம்பி, எனக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கலேன்னா பேரண்ட்ஸ் பக்கத்துத் தெருவுல சேத்துருவாங்க."

இப்ப அக்கா கழுத்தைத் தேய்க்கறதை விட்டுட்டா. தோசைக்குச் சீனி கிடையாது, காலையில ரெண்டு முட்டை. டிபன் பாக்ஸ்ல சோறு பாதி, அவிச்ச பயறு பாதி. அஞ்சு மணி டியூஷனை நிறுத்தி, ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுலயே அத்தான் கணக்கு சொல்லிக் குடுக்காரு. சாயங்காலம் பய பந்து விளையாடப் போறான். மூணு மாசம் கழிச்சுத்தான் அடுத்த டெஸ்ட்.

போன ஞாயித்துக்கிழமை சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில நானும் மருமகனும் பக்கத்துல பக்கத்துல. அடைப்பிரதமன் ஒரு கரண்டி வாங்கிட்டான், வேண்டாம்னு சொல்ல எனக்கே மனசு வரல. ரெண்டாவது தடவை வந்தப்போ இலைக்கு மேல கையை விரிச்சுட்டான். பரிமாறிக்கிட்டிருந்த சித்தப்பா என்னைப் பாத்து முறைச்சாரு. "பிள்ளைய பட்டினி போட்டே கொல்லுதியளா? எப்படி மெலிஞ்சு போயிட்டான் பாரு"ன்னு சொல்லிக்கிட்டே அவன் விரல் இடுக்கு வழியா ஊத்திட்டுப் போயிட்டாரு.