மெழுகு பாட்டிலைத் திட்டாதீர்கள், துணியைப் பாருங்கள்

கார் பெயின்டின் மேல் தெளித்துத் துடைக்கும் ‘ஸ்ப்ரே வாக்ஸ்’ எங்கள் குடியிருப்பில் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த பாட்டில் பாதி தீர்ந்த நிலையில் டிக்கியில் உருண்டுகொண்டிருக்கும். கேட்டால், “கோடு கோடாக நிற்கிறது சார், துணி நகரவே மாட்டேன் என்கிறது, சரக்கு மட்டம்” என்பார்கள். என் அபிப்பிராயம் வேறு. பெரும்பாலும் சரக்கில் தப்பில்லை. தப்பு துணியிலும் தண்ணீரிலும், ‘இன்னும் கொஞ்சம் அடிக்கலாமே’ என்கிற நம் கையிலும்தான் இருக்கிறது.

முதலில் பெயின்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் காலத்து அம்பாசடர், ஃபியட் வண்டிகளில் நிறம்தான் மேல் தோல். டப்பா மெழுகைப் போட்டுத் தேய்த்தால் துணியில் கொஞ்சம் நிறம் ஏறும். உள்ளே இன்னும் பெயின்ட் இருக்கும், கவலையில்லை. இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே ‘கிளியர் கோட்’ என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. பளபளப்பெல்லாம் அதில்தான். அதன் தடிமன் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். தலைமுடி மிச்சமிருப்பவர்கள் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாம். அதுவே சுமார் 70 மைக்ரான் இருக்கும். முடியைவிட மெல்லிய இந்தப் படலம் தேய்ந்தால் மறுபடி வளராது. நாம் தெளிக்கும் மெழுகு இதற்கும் மேலே, இதைவிட மிக மிக மெல்லியதாக உட்காருகிற ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

ஆகவே, துணி இழுக்கிறது, பிடித்துக்கொள்கிறது என்றால் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் சுத்தமாக இல்லை, அல்லது சூடாக இருக்கிறது, அல்லது மெழுகு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அழுத்தித் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். நிறுத்திவிட வேண்டும்.

சுத்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். மரத்துப் பிசின், தார், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் எல்லாம் கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறைய இருந்தால் அதை எடுக்கத் தனியாகக் களிமண் போன்ற ஒரு கட்டி விற்கிறார்கள். வழுக்குவதற்கு ஷாம்பூ நீர் விட்டு, அழுத்தாமல் ஓட்டினால் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் மெழுகு.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்காமல் காருக்கு விடுகிறோம் என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. மண்ணைக் கரைத்துவிட அதைப் பயன்படுத்துங்கள். கடைசியாக அலச மட்டும் வேண்டாம். போர் தண்ணீருக்கும் இதுவே. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், அதன் மேல் மெழுகு போட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். நல்ல தண்ணீர் ஒரு வாளி கடைசி அலசலுக்குப் போதும். உடனே துடைத்துவிட வேண்டும்.

இனி மெழுகு. காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலையில், நிழலில் செய்ய வேண்டும். புறங்கையை பானெட்டில் வைத்தால் குளுமையாக இருக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்த கையோடு தொடங்கக் கூடாது. பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, துணியின் மேல் இரண்டு முறை தெளியுங்கள். பெயின்டின் மேல் தெளித்தால் காற்றில் பாதி கண்ணாடிக்குப் போகும். பாதி பானெட்டுக்கு இரண்டு தெளிப்பு தாராளம். நேர்கோடாக, முன்னும் பின்னும், துணியின் சொந்த எடையே போதும் என்பதுபோல ஓட்டுங்கள். அது காயுமுன், இன்னொரு உலர்ந்த துணியால் லேசாகத் துடைத்து எடுங்கள். துணி ஈரமானால் மடிப்பை மாற்றுங்கள். ஒரு பகுதியை முடித்துவிட்டுத்தான் அடுத்த பகுதி. சில வகைகளை ஈரத்தின் மேலேயே போடச் சொல்லியிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படித்துவிடுங்கள்.

கோடு விழுந்தால் மேலும் தெளிக்கத்தான் கை போகும். அதுதான் கூடாது. கோடு என்பதே மிஞ்சிப்போன மெழுகுதான். ஒரு துணியை நல்ல நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து ஒரு முறை ஓட்டி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும். மழைக்காலப் புழுக்கத்தில் மெழுகு மெதுவாகத்தான் காயும். அப்போது இன்னும் குறைவாகப் போடுங்கள்.

முன் கண்ணாடியில் மட்டும் இது படக் கூடாது. மழையில் வைப்பர் ஓடும்போது மங்கலாகப் பூசிக்கொள்ளும்; எதிர் வண்டி விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்க வெளிச்சம் பரவும். புரை அறுவை முடித்தவர்களும், இனிமேல் செய்துகொள்ளப் போகிறவர்களும் நம்மில் நிறைய. நமக்கு இது பளபளப்பு விஷயம் இல்லை, உயிர் விஷயம். பிரேக் டிஸ்க், டயர் தரையில் படும் பகுதி, ஸ்கூட்டர் சீட் ஆகியவற்றிலும் கூடவே கூடாது.

“கார் ஓடினால் போதாதா, இவ்வளவு எதற்கு?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓய்வுப் பணத்தில் வாங்கிய கார் நம்மில் பலருக்குக் கடைசிக் காராக இருக்கலாம். அதை நன்றாக வைத்துக்கொள்ள ஆறேழு வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதிகம் இல்லை என்பது என் பதில். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏதாவது கோட்டிங் போட்டாலும், புழுதியோடு உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழத்தான் செய்யும்.

அந்த உலர்ந்த துணிக்குத்தான் வருகிறேன். விடியற்காலையில் ஒருவர் வருகிறார். ஒரு வாளி, ஒரு துணி. வெயில் ஏறுவதற்குள் இருபது வண்டி முடிக்க வேண்டும். முதல் வண்டியின் மண் பத்தாவது வண்டியில் தேய்கிறது. பிறகு வெயிலில் வளையம் வளையமாகக் கீறல் தெரிந்ததும் அவரைக் கூப்பிட்டுத் திட்டுகிறோம். நாம் கொடுத்த துணி என்ன? கிழிந்த பனியன், அல்லது பெட்ரோல் பங்க் வாசலில் வாங்கிய மஞ்சள் துணி. மாதம் முழுக்கத் தினமும் துடைக்க வேண்டும் என்று கேட்பதும் நாம்தான்.

அவருக்கு ஒரு வாளி ஷாம்பூ நீருக்கும் இன்னொன்று அலசுவதற்கும் கொடுங்கள். உங்கள் காருக்கென்று தனியாக நான்கு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் புழுதி இருந்தால் இருக்கட்டும். சும்மா படிந்திருக்கும் புழுதி கீறாது. அதன் மேல் துணியை வைத்தால்தான் கீறும்.

துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் கூடாது. இழையில் அது படிந்தால் அடுத்த முறை அதுவே கோடு போடும். தரையில் விழுந்த துணியைத் தட்டிவிட்டு மறுபடி பெயின்டில் வைக்கக் கூடாது.

கடைசியாக, நம் வயதுக்கு ஒன்று. கூரை எட்டவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏற வேண்டாம். கூரைக்கு யாரையாவது கூப்பிடுங்கள். மற்றதை இன்று ஒரு பக்கம், நாளை ஒரு பக்கம் என்று முடிக்கலாம்.