ஆடு மேய்த்த ஆயர்

பெங்களூரு ஆட்டோக்காரரிடம் 'செயின்ட் பேட்ரிக்ஸ்' என்றால் போதும், பிரிகேட் ரோடுக்கு வண்டியைத் திருப்புவார். சர்ச்சா, பக்கத்தில் இருக்கும் கடை வளாகமா என்றுதான் கேட்பார். பேட்ரிக் யார் என்ற கேள்விக்கு இடமில்லை. 1,500 ஆண்டுப் புகழ் என்றால் இப்படித்தான். பெயர் முகவரியாகிவிடும், ஆள் மறைந்துவிடுவார்.

பெயரைக் கொண்டுவந்தவர்கள் ராணுவத்தினர். கன்டோன்மென்ட் 1809ல் உருவானது. 1830 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஐந்தில் இருவர் ஐரிஷ்காரர்கள். வறுமை துரத்தியதால் துப்பாக்கி ஏந்தியவர்கள் அவர்களில் ஏராளம். 1840களில் சூளைப் பகுதியில் எழுந்த தேவாலயம் அவர்களுடைய புனிதரின் பெயர் தாங்கியது.

வேடிக்கை என்னவென்றால், பேட்ரிக் ஐரிஷ்காரரே அல்ல. ரோமானிய பிரிட்டனில் பிறந்தவர். 16 வயதில் கொள்ளையர் அவரைக் கடத்தி அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்துவிட்டுத் தப்பி ஓடினார். பிறகு, தன்னை அடிமையாக்கிய அதே நாட்டுக்கு ஆயராகத் திரும்பினார். ஐந்தாம் நூற்றாண்டில் நடந்தது இது.

உலகம் நினைவில் வைத்திருப்பது வேறு கதைகளை. பாம்புகளை விரட்டினாராம், பனியுகத்துக்குப் பின் அயர்லாந்தில் பாம்பே கிடையாது. மூவிலைச் செடியைக் காட்டி திரித்துவத்தை விளக்கினாராம். அந்தக் கதை எழுத்தில் வந்ததே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து. மார்ச் 17 திருவிழாவுக்காக 1962 முதல் சிகாகோவில் ஆற்றுக்கே பச்சைச் சாயம் கலக்கிறார்கள்.

அவர் எழுதி எஞ்சியவை இரண்டே. ஒன்று தன் வாழ்க்கை பற்றியது. மற்றொன்று கோரோட்டிகஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் சிலரைக் கொன்று, மற்றவர்களை அடிமைகளாக இழுத்துச் சென்றவர்கள் அந்த வீரர்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். சிறைப்பிடித்தவர்களை விடுவித்து மனம் திருந்தும்வரை அவர்களுடன் உண்ணாதீர்கள், அவர்களிடம் தர்மம்கூட வாங்காதீர்கள் என்று விசுவாசிகளைக் கேட்டுக்கொள்கிறார் பேட்ரிக். விற்கப்பட்டவனின் கோபம் அது.

1922ல் ஐந்து ஐரிஷ் ரெஜிமென்ட்டுகள் கலைக்கப்பட்டன. 1947க்குப் பின் பிரிட்டிஷ் படையும் வெளியேறியது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சூளை என்ற பெயர் செங்கல் சூளைகளால் வந்தது என்பார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976ல். அதன் பிறகும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் முன்பணக் கடனுக்காகச் சூளைகளில் முடக்கப்பட்ட குடும்பங்கள் மீட்கப்படும் செய்திகள் ஓயவில்லை. பாம்புக் கதையைவிட அந்தப் பழைய கடிதத்துக்குத்தான் இங்கே இன்னும் வேலை இருக்கிறது.