விளக்கு மங்கும்போது மாவு அரைக்காதீர்கள்!

கரெண்ட் போய்விட்டால் நமக்குத் தெரிந்துவிடுகிறது, மெழுகுவர்த்தியைத் தேடுகிறோம். கரெண்ட் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிறதே, அந்த 'லோ வோல்டேஜ்' தான் பொல்லாதது. சத்தம் போடாமல் சாமானைத் தின்றுவிடும்.

ஏற்காடு மலையில் மாரமங்கலத்தில் என் சின்ன நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மிளகுக் கொடியும் காப்பிச் செடியுமாக ஊர் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அவர்கள் வீடு லைனின் கடைசியில். சாயங்காலம் ஆறரை ஆனால் பல்பு மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிடும். போன தடவை நான் போயிருந்தபோது, "அண்ணி, கிரைண்டர் 'ஊ...'ன்னு கத்துது, கல்லு சுத்த மாட்டேங்குது" என்று உலக்கையால் கல்லைத் தள்ளிவிடப் பார்த்தாள். "முதல்ல சுவிட்சை அணைம்மா!" என்றேன்.

காரணம் கேளுங்கள். தெருக்கோடிக் குழாயில் மேல்வீட்டுக்காரர்கள் எல்லாரும் தண்ணீர் பிடித்தால் கடைசி வீட்டில் சொட்டுகிறது அல்லவா? அதே கதைதான். டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி நீள நீள, வழியில் எல்லா வீட்டிலும் சாமான்கள் ஓட ஓட, வோல்டேஜ் இறங்கும். 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்த பிறகு குடிசை வீட்டிலும் மோட்டார் ஓடுகிறது. நல்லதுதான், கம்பியும் அதற்கேற்பத் தடிக்க வேண்டுமே!

நம் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். அது 170 ஆனால் கால்பங்குதானே குறைகிறது என்று நினைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியின் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் அதற்கு ஆபத்தில்லை. சட்டை தேய்க்க நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வெந்நீர் ஹீட்டரும் அப்படியே. கிரைண்டர், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் கதை வேறு. இவற்றின் இழுக்கும் பலமும் பாதியாகிவிடுகிறது. சுற்ற முடியாமல் நிற்கிற மோட்டார், வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரெண்டை இழுத்துச் சூடேறும். காயில் கருகிய வாடை வந்த பிறகு அணைத்துப் பயனில்லை. மிக்ஸியிலும் தேங்காயை அடைத்துக்கொண்டு, சுற்றாமல் திணறினால் உடனே நிறுத்துங்கள். மாவை விடியற்காலையில் அரைத்துக்கொள்வது உத்தமம்.

பிளக்கில் செருகினால் வோல்ட்டை எண்ணாகக் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பட்டுப் புடவை விலையில் பத்து வாங்கலாம்! அதைப் பார்த்துவிட்டு கிரைண்டரைப் போடுங்கள். இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் உங்கள் வீட்டில் மட்டும் விளக்கு மங்குகிறதா? குறை உங்கள் வயரிங்கிலோ, வீட்டுக்கு வரும் இணைப்பிலோ இருக்கலாம். அக்கம்பக்கத்திலும் மங்கினால் லைனில்.

பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைஸர் வாங்கும்போது எத்தனை வோல்ட்டிலிருந்து வேலை செய்யும் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். 150-க்கு இறங்கும் ஊரில் 170-ல் தொடங்குவது எதற்கு? ஒரு விஷயம்: ஸ்டெபிலைஸர் கரெண்டை உண்டாக்குவதில்லை, லைனிலிருந்து அதிகமாக இழுத்துத்தான் வோல்டேஜை ஏற்றுகிறது. வீட்டுக்கு வீடு மாட்டினால் கடைசி வீட்டுக்காரி பாடு இன்னும் திண்டாட்டம்!

நாத்தனாரின் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் அந்த பிரிட்ஜில்தான். "பிரிட்ஜ் லைட் எரியுதே, ஜில்லுனுதானே இருக்கும்?" என்றார். லைட் எரியும், கம்பிரஸர் ஓட வேண்டுமே! பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உபயோகத்தில் இருக்கும் மருந்தைப் பல வகைகளில் சுமார் 4 வாரம் வெளியிலேயே, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். உள்ளே இருக்கும் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் வைப்பதும் நல்ல வழி. ஐஸ் அறையில் மட்டும் வேண்டாம். உறைந்த மருந்து வீண்.

கோடை விழாவுக்குக் குழந்தைகளோடு மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்குகிறீர்களா? அங்கே நீளமான மெல்லிய ஒயரில் பால் காய்ச்சும் கெட்டிலும் ஹீட்டரும் சேர்த்து மாட்டாதீர்கள். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கழற்றிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. வெளிச்சம் வேண்டுமென்று நியூட்ரலுக்குப் பதில் எர்த் கம்பியில் இணைத்துத் தருகிற 'கைராசி' ஆசாமிகள் உண்டு. வேண்டவே வேண்டாம், பிரிட்ஜின் கைப்பிடியே ஷாக் அடிக்கும், தவழும் குழந்தை அதைத்தான் பிடிக்கும். இன்னொன்று, ஒரு விளக்கு மங்கி இன்னொன்று கண் கூசுகிற மாதிரி எரிந்தால் அது லோ வோல்டேஜ் அல்ல; நியூட்ரல் அறுந்திருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மறு வேலை.

புகார் செய்யும்போது "வோல்டேஜ் இல்லீங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று பால் கணக்கு நோட்டில் குறித்து, நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்தோடு மின் அலுவலகத்தில் கொடுங்கள். போனில் சொல்ல, 2021-ல் தொடங்கிய 'மின்னகம்' எண் 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.